மின்னணுப் பட்டறை: கொலு பாட வேண்டும், நானோ புதியவள்!

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒலி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒருவருக்குச் சொன்ன பதில் இன்னொருவருக்கும் உதவும் என்பதால் யாரும் தங்கள் கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒன்பது படி கொலு. 24 பொம்மைகளுக்கு முன்னால் ஆளுக்கொரு பட்டன் வைத்து, அழுத்தினால் அந்தந்தத் தெய்வத்தின் பாட்டு ஒலிக்க வேண்டும். இரண்டு பட்டனை அழுத்தினால் இரண்டும் கலந்து வர வேண்டும். போனிலிருந்து ப்ளூடூத், வைஃபையில் ஒலியளவு, கரண்ட் போனால் பேட்டரி, இவையும் ஆசை. கையில் ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சின்னப் பலகை) கிட் இருக்கிறது. எல்இடியைக் கண்சிமிட்ட வைத்ததோடு சரி. நவராத்திரிக்குள் முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மயிலாப்பூர்

முடியும். ஆனால் பட்டியலில் உள்ள ஆறு ஆசைகளில் இரண்டு போதும்: 24 பட்டன், 24 பாட்டு. ப்ளூடூத், வைஃபை, கலவை மூன்றையும் இந்த வருஷத்துக்கு ஓரம் கட்டுங்கள். கலவை வேண்டாம் என்பதற்கு மின்னணுவைத் தாண்டியும் காரணம் உண்டு. வேறு வேறு ராகத்தில், வேறு வேறு சுருதியில் இரண்டு பாட்டு சேர்ந்து ஒலித்தால் சுண்டல் வாங்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். புதுப் பட்டனை அழுத்தினால் பழைய பாட்டு நின்று புதியது தொடங்கட்டும்.

இப்படிக் குறைத்துக்கொண்டால் ஊனோ ஒலியைத் தொட வேண்டியதே இல்லை. டிஎஃப் பிளேயர் மினி என்ற சின்னப் பலகை மெமரி கார்டைப் படித்து, எம்பி3-ஐ விரித்து, 3 வாட் வரை ஸ்பீக்கருக்கும் தந்துவிடும். "ஏழாம் பாட்டு" என்று சீரியலில் (ஒயர் வழியாக ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் முறை) கட்டளை கொடுப்பது மட்டுமே ஊனோவின் வேலை.

முதலில் ஊனோவை மூடி வைத்துவிட்டு டிஎஃப் பிளேயரை மட்டும் எடுங்கள். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான மைக்ரோ எஸ்டி கார்டை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து இரண்டு பாட்டைப் போடுங்கள். விசிசி காலுக்கு 5 வோல்ட்டின் பிளஸ், கிரவுண்டுக்கு மைனஸ். எஸ்பிகே1, எஸ்பிகே2 இரண்டிலும் 8 ஓம் 3 வாட் ஸ்பீக்கர். ஐஓ2 என்ற காலை ஒரு நொடிக்கும் குறைவாகக் கிரவுண்டில் தொட்டு எடுங்கள், அடுத்த பாட்டு ஓடும். தொட்டுக்கொண்டே இருந்தால் ஒலி ஏறும். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கார்டு, ஸ்பீக்கர், பவர் மூன்றும் சரி என்று இதில் தெரிந்துவிடும். இங்கே சத்தம் வராவிட்டால் நிரலில் எதை மாற்றியும் பயனில்லை.

அடுத்ததாக ஊனோவைச் சேருங்கள். ஊனோவின் 11-ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிஎஃப் பிளேயரின் ஆர்எக்ஸ். அதன் டிஎக்ஸிலிருந்து ஊனோவின் 10. இந்த 1 கிலோ ஓமை விட்டுவிட்டால் பாட்டுக்குப் பின்னால் "கிர்ர்" என்று ஒரு இரைச்சல் கூடவே வரும். 0, 1 பின்கள் யுஎஸ்பி சீரியலுக்கு உரியவை, அவற்றைத் தொடாதீர்கள். பவர் வந்ததும் அந்தப் பலகை கார்டைப் படித்து முடிக்க ஓரிரு நொடி எடுக்கும். நிரலின் செட்டப் பகுதியில் 3 நொடி காத்திருந்து பிறகு கட்டளை அனுப்புங்கள். ஒலியளவு 0 முதல் 30 வரை. 18-இல் ஆரம்பிக்கலாம்.

பட்டன்களில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். ஊனோவில் மொத்தம் 20 பின்தான் உண்டு, பட்டனுக்கு ஒன்று என்று கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஐந்து வரிசை, ஐந்து பத்தி என்று கட்டம் போட்டால் 10 பின்னில் 25 பட்டன். உங்களுக்கு ஒன்று மிச்சம், அதை "நிறுத்து" என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 2 முதல் 6 வரை, பத்திக்கு 7, 8, 9, ஏ0, ஏ1. கீபேட் நூலகம் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) இதைப் படித்துச் சொல்லும். குழந்தைகள் ஒரே நேரத்தில் மூன்று பட்டனை அழுத்தினால் அழுத்தாத நான்காவது பட்டனும் அழுத்தியது போலத் தெரியும். இது நிரல் பிழை அல்ல, மின்சாரம் சுற்றி வரும் வழி. ஒவ்வொரு பட்டனோடும் ஒரு 1என்4148 டயோடைத் தொடராகப் போடுங்கள், கோடு போட்ட முனை பத்திப் பக்கம் இருக்க வேண்டும்.

படிகளின் நீளத்துக்கு ஒயர் பல மீட்டர் ஓடும். ஊனோவின் உள் புல்-அப் (பட்டனை அழுத்தாதபோது பின்னை 5 வோல்ட்டில் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம் வரை. இவ்வளவு நீள ஒயருக்கு அது பலவீனம். பக்கத்தில் சீரியல் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் யாரும் தொடாமலே பிள்ளையார் பாட ஆரம்பிப்பார். ஐந்து வரிசைக்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் போட்டு, ஒயரை விளக்குச் சரத்தோடு ஒட்டாமல் கொண்டு போங்கள். எட்டு இழை கொண்ட நெட்வொர்க் கேபிள் இரண்டு இருந்தால் வேலை சுத்தமாக முடியும். ஸ்பீக்கர் இணைக்காமல், எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் சீரியல் மானிட்டரில் காட்டி 25-ஐயும் சரி பாருங்கள். அதன் பிறகே பாட்டோடு சேருங்கள்.

பவருக்கு ஊனோவின் 5 வோல்ட் பின்னை நம்ப வேண்டாம். 5 வோல்ட் 2 ஆம்பியர் மொபைல் அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் தனித்தனியாக ஒயர் இழுத்து, டிஎஃப் பிளேயரின் கால்களுக்கு அருகிலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். மிருதங்கம் ஓங்கி விழும் இடத்தில் பலகை ரீசெட் ஆகிறது என்றால் இந்தக் கெப்பாசிட்டர்தான் இல்லை என்று அர்த்தம். பேட்டரிக்குப் பவர் பேங்க் போதும். ஆனால் பாட்டு இல்லாத நேரத்தில் மின்னோட்டம் மிகக் குறைந்து, பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். வாங்கும் முன் சும்மா இணைத்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

ஊனோவிலேயே எம்பி3 ஓட்ட வழியே இல்லையா? தனி சிப் வாங்காமல் செய்ய ஆசை.
– பிளஸ் ஒன் மாணவர், தாம்பரம்

இல்லை தம்பி. எம்பி3-இன் ஒரு ஃபிரேம் (துண்டு) விரிந்தால் ஒரு சேனலுக்கு 1152 மாதிரிகள், அதாவது ஒலியை அடுத்தடுத்து அளந்த எண்கள். 16 பிட்டில் அது 2304 பைட். ஊனோவின் மொத்த ரேமே 2048 பைட். கணக்கு போடும் இடத்தைச் சேர்க்காமலே இடம் போதவில்லை.

வேவ் ஃபைல் என்றால் ஓடும். 8 பிட், மோனோ, 16 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலை எஸ்டி கார்டில் போட்டு, டிஎம்ஆர்பிசிஎம் நூலகம் மூலம் 9-ஆம் பின்னில் எடுக்கலாம். அதில் வருவது நேரடி ஒலி அல்ல, வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் பிடபிள்யூஎம். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 22 நானோஃபாரட் கெப்பாசிட்டர் கொண்ட வடிகட்டியைப் போட்டால் சுமார் 7.2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது மங்கிவிடும், குரல் நிற்கும். அதற்குப் பிறகு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிறகு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). 9-ஆம் பின்னில் ஸ்பீக்கரை நேரே கட்டாதே: 8 ஓம் ஸ்பீக்கர் 5 வோல்ட்டில் 600 மில்லி ஆம்பியர் கேட்கும், பின்னின் உச்ச வரம்பு 40.

தரம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுக்கு இருக்கும். ஆனால் மாதிரி, பிட், வடிகட்டி எல்லாம் கை வழியாகப் புரிய இதைவிட நல்ல வழி கிடையாது.

ஈஎஸ்பி32 (ஊனோ போன்ற, அதைவிட வேகமான பலகை), மேக்ஸ் 98357ஏ ஆம்ப், எஸ்டி கார்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் ஓடுகிறது. ஆனால் இடையிடையே "டக்" என்று வெட்டுகிறது. நூலகத்தோடு வந்த எடுத்துக்காட்டில் வெட்டவில்லை. அதில் ஓஎல்இடி திரை, டிஎச்டி11 வெப்பநிலை சென்சார் இரண்டை மட்டும் சேர்த்தேன். கார்டை மாற்றியும் பலனில்லை.
– பொறியியல் மாணவி, வேளச்சேரி

கார்டின் மேல் பழி போட வேண்டாம், நீங்கள் சேர்த்த அந்த இரண்டுதான் காரணம்.

உங்கள் ஃபைல் நொடிக்கு 1,76,400 பைட் கேட்கிறது. கார்டிலிருந்து ஒரு தடவைக்கு வரும் துண்டு 512 பைட், அதாவது 2.9 மில்லி நொடிக்கான ஒலி. இனி திரையைப் பாருங்கள். 128க்கு 64 ஓஎல்இடியின் ஒரு முழுப் படம் 1024 பைட். திரைக்குத் தரவு போகும் ஐ2சி இணைப்பு 100 கிலோஹெர்ட்ஸில் ஓடினால், பைட்டுக்கு 9 துடிப்பு என்ற கணக்கில், ஒரு தடவை திரையைப் புதுப்பிக்க 92 மில்லி நொடி. அந்த நேரம் முழுக்க லூப் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) அங்கேயே நிற்கிறது, யாரும் ஒலிக்குப் பைட் ஊட்டவில்லை. டிஎச்டி11 அதோடு சேர்ந்து தன் பங்குக்கு 20 மில்லி நொடிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். நிரலில் எங்காவது டிலே 2000 என்று இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கார்டும் அவ்வப்போது தனக்குள் ஏதோ ஒழுங்கு செய்துகொண்டு பல மில்லி நொடி பதில் சொல்லாமல் இருக்கும், அது இயல்பு. அதனால் ஒலிக்கு எப்போதும் கையிருப்பு வேண்டும். 100 மில்லி நொடி தாங்க 17,640 பைட். ஈஎஸ்பி32-இன் ரேம் 520 கேபி, அதில் 32 கேபியை ஒதுக்கினால் 180 மில்லி நொடிக்கு மேல் நிம்மதி.

செய்ய வேண்டியவை: திரையின் ஐ2சி வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள், 92 என்பது 23 ஆகும். முழுத் திரையையும் வரையாமல் எண் மாறும்போது மட்டும் வரையுங்கள். வெப்பநிலையைப் பத்து நொடிக்கு ஒரு தடவை கேட்டால் போதும், அறை அதற்குள் சூடாகிவிடாது. முக்கியமானது, ஒலி ஊட்டும் வேலையை லூப்பிலிருந்து பிரித்து, பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஒரு டாஸ்க்காகத் தனியே வையுங்கள். லூப்பின் முன்னுரிமை 1. ஒலிக்கு 5 கொடுங்கள், ஸ்டேக் (அந்த டாஸ்க்குக்கான நினைவிடம்) 8192 பைட். திரையும் சென்சாரும் லூப்பிலேயே இருக்கட்டும். சீரியல் பிரிண்டை ஒலி டாஸ்க்கில் வைக்காதீர்கள். 9600 வேகத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு மில்லி நொடிக்கு மேல், 40 எழுத்து என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் அரிதாக வெட்டினால் ஒயரைப் பாருங்கள். ஆம்புக்கு ஒலித் தரவு போகும் ஐ2எஸ் இணைப்பின் பிட் கிளாக் உங்கள் ஃபைலுக்கு 1.41 மெகாஹெர்ட்ஸ். பிரெட்போர்டில் 20, 30 சென்டிமீட்டர் ஜம்பர் ஒயரில் அது தடுமாறும். 10 சென்டிமீட்டருக்குள் வையுங்கள், பக்கத்திலேயே கிரவுண்ட் ஒயர் ஓடட்டும்.

இன்னொன்று. இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஈஎஸ்பி32-ஆடியோஐ2எஸ் நூலகத்தின் புதிய பதிப்புகளுக்கு பிஎஸ்ரேம் (கூடுதல் ரேம்) உள்ள பலகை கட்டாயம். ஈஎஸ்பி32-இன் சாதாரண வகையான வ்ரூம் (WROOM) மாட்யூலில் அது கிடையாது. எம்பி3-க்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்று பிஎஸ்ரேம் உள்ள ரோவர் (WROVER) அல்லது எஸ்3 வகைப் பலகை வாங்குங்கள், இல்லை ஈஎஸ்பி8266ஆடியோ நூலகத்தை எடுங்கள். அதன் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், ஈஎஸ்பி32-லும் ஓடும். எஸ்3 வாங்குவதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு வாங்கும் ஏ2டிபி வசதி பழைய ஈஎஸ்பி32-இல் உண்டு, எஸ்3, சி3 இரண்டிலும் இல்லை.

டிஎஃப் பிளேயரில் 3-ஆம் பாட்டைக் கேட்டால் 7-ஆவது ஓடுகிறது. பெயர்களை 1, 2, 3 என்று வைத்துப் பார்த்தாயிற்று.
– வாசகர், பெரம்பூர்

சாதாரண பிளே கட்டளைக்குப் பெயர் தெரியாது. கார்டில் எந்த வரிசையில் காப்பி ஆனதோ அதுதான் எண். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் கணினி தன் இஷ்டத்துக்குக் காப்பி செய்யும். கார்டில் எம்பி3 என்ற பெயரில் ஃபோல்டர் உண்டாக்கி, 0001, 0002 என நான்கு இலக்கப் பெயர் வைத்து, அந்த ஃபோல்டருக்கான தனிக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எண் தப்பாது. மேக் கணினியில் காப்பி செய்தால் புள்ளி, அடிக்கோடு கொண்டு தொடங்கும் மறைவு ஃபைல்கள் கூடவே ஏறிவிடும், சில பலகைகள் அவற்றையும் பாட்டாக எண்ணும். அழித்துவிடுங்கள்.

வேவ் ஃபைலை நானே படித்து ஐ2எஸ்-க்கு அனுப்புகிறேன். ஒன்றில் வெறும் "ஸ்ஸ்ஸ்". இன்னொன்றில் குரல் குழந்தை போல. மூன்றாவதில் ஆரம்பத்தில் மட்டும் "பட்".
– வாசகர், போரூர்

மூன்றுக்கும் மூன்று காரணம். வெறும் இரைச்சல் என்றால், 8 பிட் ஃபைலை 16 பிட்டாகப் படிக்கிறீர்கள், அல்லது ஒரு பைட் தள்ளிப் படிக்கிறீர்கள். 8 பிட் வேவ் 0 முதல் 255 வரை, அமைதி 128. 16 பிட் வேவில் குறை எண்ணும் உண்டு, அமைதி 0, சிறிய பைட் முதலில். குரல் கீச்சிட்டால் ஃபைலின் வேகம் 22,050, ஐ2எஸ்ஸில் நீங்கள் வைத்தது 44,100. அல்லது மோனோவை ஸ்டீரியோவாக ஓட்டுகிறீர்கள், அதிலும் இதே போல் இரட்டை வேகம்தான்.

மூன்றாவது சுவாரசியமானது. தலைப்பு 44 பைட் என்று எல்லாப் பாடத்திலும் எழுதியிருக்கும். ஆனால் பாடகர் பெயர் போன்ற விவரங்களைச் சேமிக்கும் மென்பொருள், தலைப்புக்கும் ஒலிக்கும் நடுவே "லிஸ்ட்" என்ற துண்டைச் செருகும். நீங்கள் அந்த எழுத்துகளை ஸ்பீக்கரில் ஓட்டுகிறீர்கள். 44 என்று தாண்டாமல் "டேட்டா" (data) என்ற நான்கெழுத்துக் குறியைத் தேடி, அதன் பிறகுள்ள நான்கு பைட் நீளத்தைப் படித்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

மேக்ஸ் 98357ஏ கை வைக்க முடியாமல் சுடுகிறது, சத்தமும் சன்னம். ஒயர் மிச்சம் பிடிக்க ஸ்பீக்கரின் ஒரு முனையை கிரவுண்டில் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், அம்பத்தூர்

அந்த ஒயரை உடனே எடுங்கள். இந்த ஆம்பின் இரண்டு முனையும் எதிரெதிராக ஓட்டுபவை, எதையும் கிரவுண்டில் தொடவே கூடாது. டிஎஃப் பிளேயருக்கும் பிஏஎம்8403 என்ற ஆம்புக்கும் இதே விதிதான். சிப் பிழைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சத்தத்துக்கு கெயின் காலைப் பாருங்கள். எதிலும் இணைக்காவிட்டால் 9 டெசிபல், நேரே கிரவுண்டில் 12, 100 கிலோ ஓம் வழியாக கிரவுண்டில் 15. பவர் 3.3 வோல்ட்டா, 5 வோல்ட்டா என்றும் பாருங்கள். 5 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 வாட் வரும், 3.3-இல் அதில் பாதிகூட வராது. எல்லாவற்றையும்விட மலிவான வழி: மேசை மேல் வெறுமனே கிடக்கும் ஸ்பீக்கரின் முன் பக்கக் காற்றும் பின் பக்கக் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கனமான ஒலி காணாமல் போகும். பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா மூடியில் வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரை இறுக்கி, ஓரத்தைப் பசையால் அடைத்துக் கேளுங்கள். கெயினைத் தொட வேண்டியே இருக்காது.

அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். ஒலிப் பிராஜெக்டுக்கு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கோடம்பாக்கம்

சனிக்கிழமை நல்லது, ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். மேக்ஸ் 98357ஏ, பிசிஎம் 5102ஏ பலகைகளோடு ஹெடர் பின்களின் வரிசை தனியாகத்தான் வரும். சால்டர் செய்யாமல் துளையில் செருகி வைத்தால் வேலை செய்வது போலவும் செய்யாதது போலவும் ஆட்டம் காட்டும். 25 வாட் சால்டரிங் அயர்னும் 0.8 மில்லிமீட்டர் ஈயமும் பட்டியலில் இருக்கட்டும். பிசிஎம் 5102ஏ-வில் ஆம்ப் கிடையாது, அது ஹோம் தியேட்டருக்கோ பெரிய ஆம்புக்கோ போகும் லைன் வெளியீடு. ஸ்பீக்கரை நேரே கட்டினால் கேட்காது. அதில் எஸ்சிகே காலைக் கிரவுண்டில் இணைக்காவிட்டால் பல நேரம் மௌனம்தான் கிடைக்கும்.

எஸ்டி கார்டு மாட்யூலில் இரண்டு வகை. சின்ன ரெகுலேட்டரும் ஒரு சிப்பும் உள்ளது 5 வோல்ட் வகை. அதற்கு ஈஎஸ்பி32-இன் 3.3 வோல்ட்டைக் கொடுத்தால் ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் கார்டுக்குத் தரும். "கார்டு கிடைக்கவில்லை" என்ற செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அந்த வகை என்றால் 5 வோல்ட் கொடுங்கள். ஈஎஸ்பி32-க்கு மட்டும் என்றால் ரெகுலேட்டர் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கார்டு 16 அல்லது 32 ஜிபி போதும். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட்டில் வரும், ஆர்டுயினோவின் எஸ்டி நூலகம் அதைப் படிக்காது. யுஎஸ்பி கேபிளில் சார்ஜ் மட்டும் ஏறும் வகையும் கலந்து கிடக்கும், டேட்டா கேபிள் என்று சொல்லிக் கேளுங்கள். ஈஎஸ்பி32 பலகையில் யுஎஸ்பி சிப் சிபி2102-ஆ சிஎச்340-ஆ என்று கடையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த டிரைவரைப் போடுவது என்று வீட்டில் தேடும் நேரம் மிச்சமாகும். ஸ்பீக்கரை மட்டும் கையில் எடுத்து, கூம்பை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே "கரகர" என்று உரசினால் வேறொன்றைக் கேளுங்கள், கடைக்காரர் மாற்றித் தருவார்.